பின்சுவருக்கு அப்பால் முரசு

அந்தப் படத்தின் தொடக்க இசையில் பாட்டு என்று எதுவும் கிடையாது. திரை இருண்டிருக்கும். நிலத்துக்கு அடியில் எங்கோ ஒரு முரசு ஒரு முறை அடிக்கும். பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. இனி இல்லை என்று நாம் முடிவு செய்யும்போது மறுபடி அடிக்கும். கோட்டையை முற்றுகையிட வரும் படை இன்னும் கண்ணுக்குத் தெரியாது. உள்ளே ஓர் அரசி கற்சுவரில் உள்ளங்கையை வைத்தபடி நிற்பாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நமக்கும் புரியும்.

இந்தியாவில் எடுத்த, பழைய ராசா காலத்துப் படம். கண்டியில் ஓடியபோது நாங்கள் மூவரும் சேர்ந்து போய்ப் பார்த்தோம். மூவர் என்றால் எங்கள் சிறிய இசைக்குழு. நான் டவுனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். குழுவில் ஓர்கன் வாசிப்பேன். டிரம் வாசிப்பவன் டவுனுக்குப் பக்கத்தில் மஹய்யாவையில் இருக்கும் பையன், பகலில் முச்சக்கர வண்டி ஓட்டுகிறவன். பையன் என்கிறேனே தவிர முப்பத்தைந்து வயதாகிறது. என்னை அக்கா என்பான், நான் அவனைத் தம்பி என்பேன். பாடுகிறவர் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்த ஒரு டீச்சர். கோவில் திருவிழா, கல்யாண வீடு, பாடசாலை விழா என்று எங்களைக் கூப்பிடுவார்கள். பெரிய பெயர் ஒன்றுமில்லை.

முதல் முரசு அடித்தபோது தியேட்டர் கதிரையின் இரும்புக் கை என் முழங்கைக்குக் கீழே அதிர்ந்தது. தம்பி என் பக்கம் சாய்ந்தான்.

"அக்கா, இது காதுல கேக்கல. வயித்துல கேக்குது. கவனிச்சீங்களா?"

டீச்சர் இடைவேளையில் எழுந்து வெளியே போனவர் உள்ளே வரவில்லை. படம் முடிந்து வந்தால் தெருவோரத்தில் ஒரு கடையின் கூரைக்கடியில் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன டீச்சர், புடிக்கலையா?" என்று கேட்டேன்.

"படம் நல்லாத்தான் இருக்கு. எனக்கு உந்தச் சத்தம்தான் சரிவராது," என்றார். சற்று நடந்த பிறகு அவராகவே சொன்னார். "நாங்கள் சின்னனில, சண்டை நேரம், பங்கருக்குள்ள இருந்த ஆக்கள். தூரத்தில விழுற ஷெல் காதுக்கு வரமுன்னம் காலுக்கு வந்திடும். அம்மா எங்களைச் செருப்பில்லாமத்தான் இருக்கச் சொல்லுவா. காலுக்குத் தெரிஞ்சால் குனிய நேரம் கிடைக்கும்."

தம்பி அன்று அதைக் கேட்டானா என்று தெரியவில்லை. அவன் இரண்டு கைகளாலும் காற்றில் முரசடித்துக்கொண்டே முன்னால் நடந்தான்.

ஒரு கோவில் கலை நிகழ்ச்சிக்கு எங்களைக் கேட்டிருந்தார்கள். அந்தத் தொடக்க இசையை அப்படியே மேடையில் செய்ய வேண்டும் என்று தம்பி பிடிவாதமாக நின்றான். முரசு, பிறகு ஆண்களின் கோரஸ், எல்லாம் அடங்கியதும் அரசியின் புலம்பல். அந்தப் புலம்பலை டீச்சர்தான் பாட வேண்டும். சினிமாப் பாட்டு மாதிரியே இல்லை அது. மேலே ஒரு சுரத்தில் தொடங்கி, படி இறங்குகிற மாதிரி இறங்கி, கடைசிப் படியில் நின்று நடுங்கும். டீச்சர் முதலில் முடியாது என்றார். ஆனால் பாட்டு அவரை விடவில்லை. ஒரு வாரம் கழித்து என் தொலைபேசிக்குக் குரல்பதிவு ஒன்று அனுப்பினார். முழுவதும் பாடியிருந்தார். கடை பின்னறையில் நின்று அதைக் கேட்டேன். கையில் இருந்த கண்ணாடிச் சட்டத்தைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் கேட்டேன்.

என் வேலை அடிச்சுருதி. பாட்டு முழுவதும் இடது கையால் ஒரே ஒரு தாழ்ந்த சுரத்தை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். என் ஓர்கனில் அந்தச் சுரம் இருந்தது. ஆனால் எங்கள் பழைய ஸ்பீக்கர் அதைச் சுமக்கவில்லை, தகரத்தில் வண்டு மோதுவது போலக் கரகரத்தது. தம்பி சவுண்ட் சர்வீஸ் நடத்தும் நண்பனிடம் கேட்டு, தாழ்ந்த சத்தத்துக்கென்றே உள்ள, அலுமாரி உயர பேஸ் பொக்ஸ் ஒன்றைத் தன் வண்டியின் பின்சீட்டில் கட்டிக்கொண்டு வந்தான்.

ஒத்திகை, பிலிமத்தலாவையில் அவனுடைய அக்கா வீட்டில். பெருவீதியில் இறங்கி, கடைகளுக்குப் பின்னால் ஏறும் குறுகிய ஒழுங்கையில் மூச்சு வாங்க ஏற வேண்டும். அக்காவின் கணவர் பாத்திரக் கடை ஒன்றில் வேலை செய்தார். வீட்டுக்குப் பின்னால் மலையைச் செங்குத்தாக வெட்டி ஓர் அறை கட்டியிருந்தார், வாடகைக்கு விடலாம் என்று. ஆள் கிடைக்காததால் சனிக்கிழமைகளில் எங்களுக்குத் தந்தார். அறையின் பின்சுவருக்கும் வெட்டிய மண்ணுக்கும் நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையக்கூடிய இடைவெளி. அதில் மலைத் தண்ணீர் வடிய ஒரு கான். மண் சுவரில் யாரோ எப்போதோ நட்ட தேயிலைச் செடிகளின் வேர்கள் அறுபட்டுத் தொங்கின. எனக்கு அந்தப் பக்கம் போகப் பிடிக்காது. அங்கே எப்போதும் இருட்டு. வெயில் காலத்திலும் கை வைத்தால் ஈரம்.

பேஸ் பொக்ஸில் முதல் முறை அந்தச் சுரத்தைப் பிடித்தபோது தகரக் கூரை, ஜன்னல், மேசை மேலிருந்த தேநீர்க் கோப்பை எல்லாம் பேசின. தம்பி சிரித்தான். "இதுதான் அக்கா! இதேதான்!"

அவனுடைய அக்கா வாசலில் வந்து நின்றாள். முரசு அவளுக்குப் பிரச்சினை இல்லை. டீச்சர் புலம்பலைப் பாடத் தொடங்கியதும் முகம் மாறிவிட்டது.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. இது செத்த வீட்டுல அழுற மாதிரியே இருக்கு. வாழுற வீட்டுக்குள்ள இத பாடலாமா?"

"எனக்கும் அப்பிடித்தான் கிடக்கு," என்றார் டீச்சர். "ஆனால் என்ன செய்ய? அவ்வளவு நல்ல பாட்டு."

சில வாரங்களுக்குப் பிறகு பின்சுவரில் ஒரு வெடிப்பு தெரிந்தது. தலைமுடி அளவு, மூலையிலிருந்து சாய்வாக. அக்காவின் கணவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தம்பியிடம் திரும்பினார்.

"மச்சான், உன் பொக்ஸ் வேலைதான் இது. போடுற போடுல வீடே ஆடுது. சத்தத்த கொறைச்சுக்க, இல்லாட்டி வேற எடம் பாரு."

நியாயமாகத்தான் பட்டது. அந்தச் சுரத்தை நானே என் பற்களில் உணர்ந்தேன், சுவர் தாங்குமா? சத்தத்தைக் குறைத்தோம். அவர் சீமெந்து பூசினார். அடுத்த சனிக்கிழமை பூசிய இடத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று ஓடியிருந்தது. அறைக் கதவு நிலையில் இறுக்கிக்கொண்டது. மழை ஈரத்தில் பலகை ஊதிவிட்டது என்று கதவின் விளிம்பைச் சீவினார். பிறகும் இறுக்கியது. அதற்கும் பொக்ஸைத்தான் சொன்னார். அவர் குற்றம் சொல்லும்போது நாங்கள் தலை குனிந்து கேட்டுக்கொண்டோம். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கையில் இருந்ததால், நாங்கள் ஐந்து பேரும் வேறு ஒன்றையும் தேடவில்லை. பின்சுவருக்கு அப்பால் இருந்ததை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

பிறகு அந்த மழை வந்தது. கண்டியில் மழை புதிதல்ல, ஆனால் இது நிற்காமல், வேகமும் மாறாமல், ஒரே சீராகப் பெய்தது. பாடசாலைகள் மூடப்பட்டன. நிகழ்ச்சி நெருங்கிவிட்டது, ஏற்பாட்டாளர்கள் தள்ளிவைக்கிறோம் என்று சொல்லவில்லை. சனிக்கிழமை குண்டசாலையில் எங்கள் வீட்டிலிருந்து நான் புறப்படும்போது என் கணவர் போக வேண்டாம் என்றார். இன்னும் ஓர் ஒத்திகைதான் என்றேன். பேராதனைப் பாலத்தில் பஸ் மெதுவாக ஊர்ந்தது. எல்லோரும் ஒரு பக்க ஜன்னலில் கூடி ஆற்றைப் பார்த்தார்கள். மாவலி பழுப்பாக, பாலத்துக்கு மிக அருகில் வந்திருந்தது.

நான் போனபோது தம்பியின் அக்கா, கான் வீட்டு முன்பக்கம் வந்து விழும் இடத்தில் குனிந்து ஒரு பாத்திரத்தை அலசிக்கொண்டிருந்தாள்.

"பாருங்களேன், இத்தன நாள் கானுல சுத்தமான தண்ணிதான் வந்துச்சு. இன்னைக்கு காலையில இருந்து இப்படி பால் ஊத்துன தேத்தண்ணி மாதிரி வருது," என்றாள்.

"மழைதானே," என்றேன் நான்.

மதியத்துக்கு மேல் தொடங்கினோம். பொக்ஸின் சத்தம் பாதிக்கும் கீழே. அவள் கணவர் முன்னறையில் படுத்திருந்தார். முரசு, கோரஸ் வரும் இடம், பிறகு புலம்பல். டீச்சர் கண்ணை மூடிப் பாடினார். அவர் கடைசிப் படிக்கு இறங்கும் சமயத்தில் மின்சாரம் போனது. என் விரலுக்குக் கீழே சுரம் செத்தது. டீச்சர் மட்டும் இன்னும் கொஞ்சம் பாடி, நிறுத்தினார்.

கூரையில் மழை. அதற்கு நடுவே வேறொரு சின்னச் சத்தம்.

டிரம் செட்டில் சைட் டிரம் என்று ஒன்று உண்டு. அதன் அடித்தோலில் மெல்லிய கம்பிச் சுருள்கள் படிந்திருக்கும். அடிக்கும்போது சரசரவென்று ஒலிப்பது அதனால்தான். அந்தக் கம்பிகள் தானாக ஒலித்துக்கொண்டிருந்தன. சர்ர்ர் என்று, நிற்காமல், மிக மெதுவாக.

தம்பி உள்ளங்கையைத் தோலில் வைத்தான். சத்தம் நின்றது. கையை எடுத்தான். மறுபடி தொடங்கியது.

"லொறி ஏதாச்சும் போகுதா ரோட்டுல?" என்றான். அவன் குரல் சரியாக இல்லை.

லொறி என்றால் போய்விட வேண்டும். இது போகவில்லை. நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைச் சீமெந்துத் தரையில் வைத்து நின்றார். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நாற்பத்தைந்து வயது டீச்சரின் முகம் அல்ல அது. எட்டு வயதுப் பிள்ளை ஒன்று நிற்பது போலிருந்தது.

"கறண்ட் இல்லை," என்றார் மெதுவாக. "நாங்கள் ஒருத்தரும் அடிக்கேல்லை. பிறகு ஆர் அடிக்கிறது?"

தம்பி கையிலிருந்த குச்சிகளைக் கீழே வைத்தான்.

"வெளிய வாங்கோ. எல்லாத்தையும் விட்டிட்டு வெளிய வாங்கோ. இப்பவே!"

கதவு இறுகியிருந்தது. தம்பி தோளால் இரண்டு தரம் மோதித்தான் திறந்தான். முன்னறைக்கு ஓடி மச்சானை எழுப்பினான். அவர் எரிச்சலோடு எழுந்து உட்கார்ந்தார்.

"திரும்பவும் என்னத்த ஒடச்சீங்க? உங்க பாட்டால..."

"பாட்டு நின்னு போச்சு மச்சான். இது பாட்டு இல்ல. எந்திரிங்க!"

அவர் நம்பவில்லை. பின்பக்கம் போனார், தம்பியும் நானும் பின்னால் போனோம். ஓர் ஆள் நுழையக்கூடிய அந்த இடைவெளியில் இப்போது என் கையை விடவே இடமில்லை. மண் சுவரின் வயிறு முன்னால் வந்திருந்தது. தேயிலை வேர்கள் எங்கள் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தன. அவர் அப்படியே நின்றார். வெட்டியவர் அவர்தான். பிறகு தன் மனைவியைக் கூப்பிட்டார்; கத்தவில்லை, சாப்பாட்டுக்குக் கூப்பிடுவது போல. ஆனால் அவள் அந்தக் குரலைக் கேட்டு அடுப்படியிலிருந்து ஓடியே வந்தாள்.

ஒழுங்கையில் இறங்கினோம். தம்பி ஒவ்வொரு வாசலிலும் தமிழிலும் சிங்களத்திலும் கத்தினான். சிலர் உடனே வந்தார்கள். ஒரு சிங்கள அம்மா குடையைத் தேடினார். டீச்சர் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். பெருவீதிக்குச் சற்று மேலே, ஒழுங்கை வளையும் இடத்தில், நனைந்தபடி கூடி நின்றோம். மேலே எல்லாம் அப்படியேதான் இருந்தது. வீடு, கூரை, பின்னால் பலாமரம். யாரோ ஒருவர் மெல்லச் சிரித்தார். எனக்கும் வெட்கமாக வந்தது.

அப்போதுதான் அக்காவின் கணவருக்கு மோட்டார் சைக்கிள் ஞாபகம் வந்தது. புது வண்டி. வீட்டு முன்னால் நின்றது.

"வேணாங்க," என்றாள் மனைவி.

"முன்னாலதானே நிக்குது. இந்தா வந்துட்டேன்."

தம்பி அவர் சட்டையைப் பிடித்தான். அவர் உதறிக்கொண்டு ஏறினார். வளைவுக்கு மேலே அவர் தலை மறைந்தது. வண்டி இயங்கும் சத்தம் கேட்டது. எல்லோருக்கும் மூச்சு வந்தது.

முதலில் பலாமரம் நகர்ந்தது. சாயவில்லை, விழவில்லை. நேராக நின்றபடியே ஒரு மனிதன் நடப்பது போல வீட்டை நோக்கி வந்தது. நான் பார்ப்பது என்ன என்று எனக்கு விளங்கும் முன்பே அது கூரைக்கு மேலே இருந்தது. பிறகுதான் சத்தம். படத்தில் வரும் எதையும் போல அது இல்லை. நூறு லொறிக் கல்லை ஒன்றாகக் கொட்டினால் அப்படி இருக்குமோ என்னவோ. காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. காற்றே மண்வாசனையாக வந்து முகத்தில் அடித்தது. அது நின்ற பிறகு, மழை மட்டும் எதுவுமே நடக்காதது போலப் பெய்தது.

தம்பியின் அக்கா கத்தவில்லை. "வண்டி சத்தம் கேக்கலியே," என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். "வண்டி சத்தம் கேக்கலியே."

ஆனால் ஹோர்ன் கேட்டது. மண்ணுக்குள் எங்கோ மோட்டார் சைக்கிளின் ஹோர்ன் அழுந்திப்போய் விடாமல் ஒலித்தது. தம்பி சேற்றில் முழங்கால் புதைய அதை நோக்கி ஏறினான். பின்னாலேயே இளைஞர்கள் ஏறினார்கள். நான் நின்ற இடத்தில் நின்றேன். அந்த நேரத்திலும் என் மனம் அது என்ன சுரம் என்று தானாகத் தேடியது. அதை நிறுத்த என்னால் முடியவில்லை. பற்றரி இறங்க இறங்கச் சுரமும் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. அது முழுதாக நிற்பதற்குள் அவர்கள் போய்ச் சேர வேண்டும் என்று மட்டும் நினைத்தேன்.

அது நிற்பதற்குச் சற்று முன்புதான் தம்பியின் குரல் வந்தது. "இங்க! கை தெரியுது! மம்பட்டி கொண்டாங்க!"

கழுத்து வரை மண். வண்டிக்கும் ஒரு சுவர்த்துண்டுக்கும் நடுவில் இடுப்பு அகப்பட்டிருந்தது. மம்பட்டி போட்டால் காயம் படும் என்று பிறகு கையால், சட்டியால் தோண்டினார்கள். குடை தேடிய அம்மாவின் மகன் அவர் வாயிலிருந்த மண்ணை விரலால் வழித்தெடுத்தான். பின்னேரம் ராணுவத்தினர் வந்து ஸ்ட்ரெச்சரில் இறக்கினார்கள். உயிர் இருந்தது.

வீடு இல்லை. அறை இல்லை. என் ஓர்கன், டிரம் செட், நண்பனின் பொக்ஸ் எதுவும் கிடைக்கவில்லை. தேடச் சொல்லிக் கேட்க எங்களுக்கு வாயும் வரவில்லை. மண் எங்கள் ஒழுங்கையின் மேல்பாதியோடு நின்றுவிட்டது. அடுத்த சரிவில் அப்படி நிற்கவில்லை. அங்கே யாருக்கும் எந்தச் சத்தமும் கேட்டிருக்கவில்லை. அவர்களைப் பற்றி நாங்கள் இன்றும் அதிகம் பேசுவதில்லை.

ஆஸ்பத்திரியில், கணவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, தம்பியின் அக்கா தம்பியிடம் சொன்னாள். "நான் அன்னைக்கே சொன்னேன். அந்த அழுகைய வீட்டுக்குள்ள பாட வச்சீங்க."

தம்பி தரையைப் பார்த்தான். டீச்சரும் அங்கேதான் இருந்தார். அவர் முகம் வெளுத்தது. கட்டிலிலிருந்து அவள் கணவர் மெல்லப் பேசினார்.

"சும்மா இரு. அவங்க பாடாம இருந்திருந்தா நான் தூங்கிக்கிட்டே இருந்திருப்பேன். நீயும் அடுப்படியிலதான் இருந்திருப்ப."

அவள் கட்டில் விரிப்பை இழுத்துச் சரிசெய்தாள். சமாதானமாகவில்லை.

பிறகு இடத்தைப் பார்க்க வந்த அதிகாரி ஒருவரிடம் நான் கேட்டேன். ஸ்பீக்கர் மலையை அசைக்காது, வெட்டிய சரிவும் மழைத் தண்ணீரும் போதும் என்றார். கேட்டதும் நிம்மதியாக இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் அந்த நிம்மதி போய்விட்டது. அப்படியென்றால் அந்த வெடிப்பு தொடங்கிய நாளிலேயே மலை எங்களிடம் சொல்லத் தொடங்கிவிட்டது. எங்கள் முரசுக்குள் அது ஒளிந்துகொண்டிருந்தது.

கோவில் நிகழ்ச்சி நடக்கவில்லை. டீச்சர் அடுத்த வருடம் மாற்றல் கேட்டு ஊருக்குப் போய்விட்டார். அங்கே ஒரே சமதரை என்று தொலைபேசியில் சொல்வார். இங்கே மழை என்று செய்தியில் கேட்டால் உடனே எடுப்பார். "மழையோ? கான் தண்ணி என்ன நிறம்?" அதைத்தான் முதலில் கேட்பார், நலம் எல்லாம் பிறகு. தம்பி யாரிடமும் கடன் வாங்காமல், பழைய டிரம் ஒன்றைத் திருத்தி மறுபடி கல்யாண வீடுகளில் வாசிக்கிறான். வாசிக்காத நேரத்தில் சைட் டிரம்மின் கம்பியைத் தளர்த்தி வைத்துவிடுகிறான். வாசிப்பவர்கள் பலரும் செய்வதுதான். அவன் முன்பு செய்ததில்லை.

அவனுடைய அக்காவும் கணவரும் இப்போது குண்டசாலையில், எங்கள் வீட்டுக்கு நாலைந்து வீடு தள்ளி, வாடகைக்கு இருக்கிறார்கள். அவர் கம்பு ஊன்றி நடக்கிறார். கடைக்குப் போக முடிவதில்லை. வீட்டிலிருந்தபடி பழைய அடுப்புகளைத் திருத்திக் கொடுக்கிறார். ஒரு நாள் என்னிடம் கேட்டார், "அந்தப் பாட்டு படத்துல எந்த எடத்துல வரும்?" அவர் படத்தைப் பார்த்ததே இல்லை. மாதக்கணக்கில் சுவருக்கு மறுபக்கமிருந்து துண்டு துண்டாகக் கேட்டதுதான். தொடக்கத்தில் என்றேன், சண்டைக்கு முன்னால்.

"கடைசியில கோட்டைக்குள்ள இருக்கிறவங்க தப்பிக்கிறாங்களா?"

சிலர் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுத் திருகாணியை முடுக்கத் தொடங்கினார்.

போன வாரம் மறுபடி மழை பிடித்தது. வானொலியில் மலைப்பகுதிகளுக்கு எச்சரிக்கை சொன்னார்கள். எங்கள் பகுதியைச் சொல்லவில்லை. பொழுது சாயும் நேரத்தில் தம்பியின் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"நாங்க உங்க வீட்டுக்கு வரட்டுமா? இங்க பயம் ஒன்னும் இல்ல. சும்மாதான்."

"வாங்க," என்றேன்.

பாயையும் ஒரு பையையும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். என் வீடும் அவர்கள் வீடும் ஒரே தரையில்தான் இருக்கின்றன. இங்கே வந்தால் என்ன வித்தியாசம் என்று யாரும் கேட்கவில்லை. என் கணவர் கதவைச் சாத்தாமல் கல் முட்டுக் கொடுத்துத் திறந்து வைத்தார். சாரல் உள்ளே வந்து நடுவறை வரை நனைத்தது. நான் அரிசியைக் கூடுதலாகப் போட்டேன். சாப்பிட்டு முடித்தபோது மழை விட்டிருந்தது. யாரும் எழுந்து போகவில்லை.